முகம் ஆடக்கூடாது

உள்ளே தள்ளியவுடனேயே மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. வெளியே நாற்காலியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தபோது அரிக்கவில்லை, உடை மாற்றும் அறையில் நின்றபோது அரிக்கவில்லை. இப்போது, கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி, தலையை ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் பூட்டி, வெள்ளைக் குழாய்க்குள் நெஞ்சு வரை அனுப்பிய பிறகு, சாவகாசமாக இடது ஓரத்தில் ஆரம்பிக்கிறது. தெய்வானைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் கோபித்துக்கொள்வது? ஸ்கேன் எடுக்கும் யசோதா நல்ல பெண். "பயப்படாதீங்க்கா, சத்தம் மட்டுந்தான் வரும், வேற ஒண்ணும் பண்ணாது. தலையை மட்டும் ஆட்டிராதீங்க, படம் கலைஞ்சிரும்" என்று சொல்லி, கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, "முடியவே இல்லைன்னா அமுக்குங்க, ஓடியாந்துருவேன்" என்றுவிட்டுப் போனாள். கொடுத்ததுதான் கொடுத்தாள், இடது கையில் கொடுத்திருக்கக் கூடாதா. வலது கையில் கொடுத்துவிட்டாள். அந்தக் கைக்காகத்தானே இங்கே வந்து படுத்துக் கிடப்பது. அந்தக் கட்டைவிரல் இந்நேரம் தன் பாட்டுக்குப் பந்தின் மேல் உருட்டிக்கொண்டிருக்கும், ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல, இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். தெரியாமல் அது அமுக்கிவிட்டால்? யசோதா ஓடிவந்து என்னங்க்கா என்பாள், நான் அமுக்கவில்லை அம்மா, அதுவாக அமுக்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். படம் கலைந்துவிடுமாம். இத்தனை காலமும் படம் போட்டே பிழைத்தவளுக்குப் பாடம். குழந்தைப் புத்தகங்கள், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார்கூட, எத்தனை போட்டிருப்பாள். ஒருவரிடமும் ஆடாமல் படு என்று சொன்னதில்லை. கூண்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக வைத்திருந்தது. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால் அதில் அவளுடைய வயிறு கொஞ்சமும், அப்பால் கால்களும் தெரிந்தன. மெட்டியைக் கழற்றிய விரல்களில் வெள்ளையாக ஒரு வளையம். எத்தனை கல்யாணமான பெண்களின் கால்களை வரைந்திருக்கிறாள், மெட்டிக்கு அடியில் இப்படி ஒரு தடம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் யாரோ சுவரைத் தட்டுவதுபோல. அப்புறம் போர் போடுகிற லாரியே தலைமாட்டில் வந்து நின்றுவிட்டது. வடவள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போர் போட்ட அன்று தெருவே வந்து நின்று குழியைப் பார்த்தது. புழுதி, புழுதி, வெறும் வெள்ளைப் புழுதி. தண்ணீர் வருமா வராதா என்று கழுத்தை நீட்டி நின்ற முகங்களை மாடியிலிருந்து அவள் வரைந்துகொண்டிருந்தாள். "காசு போகுதுன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு நிக்கறேன், நீ படம் போடறயா" என்று கதிர்வேல் கீழேயிருந்து கத்தினான். கதிர்வேல் இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறான், அவளுடைய தாலியையும் மெட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டு. அன்று தண்ணீர் வந்தது. இன்று தலைக்குள் எதைத் தேடித் துளைக்கிறார்களோ, அது வந்துவிடுமா? வரக்கூடாது. வராமலிருந்தால் மட்டும் என்ன, கை ஆடுவது ஆடுவதுதானே. டாக்டர் பெயரைச் சொல்லவில்லை. "மொதல்ல தலைக்குள்ள வேற ஒண்ணும் இல்லைன்னு பாத்துக்கலாம்மா" என்றார். வேற ஒண்ணும் என்றால் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த ஏதோ ஒன்றின் பெயரை அவள் போனில் தேடிப் படித்து, பாதியில் மூடி வைத்து, மறுபடி திறந்து படித்தாயிற்று. மூக்கு இன்னும் அரிக்கிறது.

டாக்டரைச் சொல்லி என்ன பிரயோசனம், அவரை ஏமாற்றியது இவள்தான். வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டி, "ஒரு சுருள் போடுங்கம்மா, நடுவுல ஆரம்பிச்சு வெளியே வரைக்கும்" என்றார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, சீட்டில் குடும்பத்தலைவி என்று போட்டிருந்தது. சின்னக் கோட்டை விரலால் போடு, நீளக் கோட்டைத் தோளால் போடு. ஓவியக் கல்லூரியில் முதல் வருடத்தில் படித்த பாடம், கை அதுவாகச் செய்யும். மூச்சை நிறுத்தினாள், மணிக்கட்டைக் கட்டையாக்கினாள், தோளைச் சுழற்றினாள். மிக்ஸி ஜாரில் மாவு சுற்றுவதுபோல வழுவழுவென்று வந்துவிட்டது சுருள். "அட, அழகா இருக்கே!" என்றார் டாக்டர். தெய்வானைக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கங்கெட்ட பெருமை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கதிர்வேல், ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது சிக்னலில் நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டான்: "பரீட்சையில காப்பியடிச்சு யாரை ஏமாத்தற, தெய்வா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, டாக்டர் சுருளோடு விட்டிருக்கவில்லை. உங்கள் பெயரை எழுதுங்கள் என்றார். எழுதினாள். முதல் எழுத்து தடியாக வந்தது, கடைசி எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. பெயர் எழுதுவதற்குத் தோளில் ஒரு வித்தையும் கிடையாது. டாக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுருளை ஒரு தடவை, பெயரை ஒரு தடவை. அவள் போட்ட படத்தை அவ்வளவு நேரம் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் பார்த்ததில்லை.

பத்திரிகை ஆசிரியர் என்றதும் சுப்பராயலு சார். வாரப் பத்திரிகையில் அவர் இருந்த காலத்தில் புதன்கிழமை தவறாமல் போன் வரும். "ஏம்மா, உங்க கதாநாயகிக்குக் கை இருக்குதா, இல்ல அதையும் அடுத்த வாரந்தான் காட்டுவீங்களா?" அவள் கைகளை ஒளிப்பதில் கெட்டிக்காரி. முந்தானைக்குள் ஒரு கை, தூணுக்குப் பின்னால் ஒரு கை, ஆண்களுக்குப் பேன்ட் பாக்கெட் இருக்கவே இருக்கிறது. தப்பிக்கவே முடியாத இடத்தில், யாராவது யாரையாவது அறைந்தாக வேண்டும் என்கிற இடத்தில், தன் இடது கையைத் தூக்கி எதிரே பிடித்துக்கொள்வாள். அதுதான் மாடல். வலது கை வேண்டுமென்றால் இடது கையையே கண்ணாடியில் காட்டித் திருப்பிக்கொள்வாள். வில்லனுக்கும் அந்தக் கைதான், கல்யாணப் பெண்ணுக்கும் அந்தக் கைதான். வலது கை பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது எங்கே வந்து மாடலாக நிற்கிறது. இவ்வளவு நாளும் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. சோறு அள்ளவும் கோடு போடவும் கூப்பிட்டால் வந்தது. அதற்கா கோபம் வந்து இப்படி ஆடுகிறது? சீ, என்ன பைத்தியக்கார நினைப்பு. கைக்கு எங்கிருந்து கோபம். மூளைக்குள் ஏதோ சுரக்கவில்லை, அவ்வளவுதான். போனில் போட்டிருந்தது. போனில் இன்னும் என்னென்னவோ போட்டிருந்தது, முகம் பொம்மைபோல ஆகிவிடும் என்றுகூட. அதை நினைக்காதே. அந்தப் பக்கம் போகாதே.

போகாதே என்றால் அங்கேதான் போகிறது. முகம். முகம் போய்விட்டால் அவளிடம் என்ன மிச்சம்? போன வருடம் ஒரு கல்லூரியில் கூட்டிப்போய் மேடையில் உட்காரவைத்தபோது ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து வருது?" என்று கேட்டது. மலை, மழை, குழந்தைகளின் உலகம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள். கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். எல்லாம் அவள் மூஞ்சியிலிருந்துதான் வருகிறது. எந்த முகத்தை வரைகிறாளோ அது முதலில் அவள் முகத்தில் வந்துவிடும். நரி வரைந்தால் கண் இடுங்கும், அழுகிற குழந்தை வரைந்தால் உதடு பிதுங்கும். கொடுமைக்கார மாமியார் ஒருத்தியை ஒரு வாரம் வரைந்ததில் தாடையே வலி எடுத்துவிட்டது. காபி கொண்டுவந்து வைக்கும்போது கதிர்வேல் படத்தைப் பார்க்க மாட்டான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரு சாகறாங்க?" என்பான். சரியாகத்தான் இருக்கும். முகம் முதலில், கை பின்னால். முகம் செய்ததைக் கை போய் எழுதிக்கொண்டு வரும். இப்போது கை போகிறது, பின்னாலேயே முகமும் போகுமாம். வாசலையும் கொல்லையையும் ஒரே நேரத்தில் சாத்திவிட்டால் உள்ளே இருக்கிறவள் எந்த வழியாக வெளியே வருவாள்?

காற்று போதவில்லை. காற்று இருக்கிறது, காலடியிலிருந்து மின்விசிறிக் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது, அவளுக்குத்தான் போதவில்லை. கூரை மூக்கிலிருந்து ஒரு சாண் இருக்குமா? அவ்வளவுகூட இருக்காது. பந்தை அமுக்கிவிடலாமா. அமுக்கினால் முதலிலிருந்து. அமுக்காதே. சத்தம் மாறியது, லாரி போய் ரைஸ்மில் வந்தது. நிவேதிதாவை நினைத்துக்கொள். சென்னையில் பதிப்பகத்தில் இருக்கிற சின்னப்பெண், தெய்வானை இப்போது படம் போடும் குழந்தைப் புத்தகத்தை ஒப்படைத்தவள் அவள்தான், கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்த பவளம் என்கிற சிறுமியின் கதை. முதல் படங்களை அனுப்பியபோது கோடெல்லாம் நெளிந்து கிடந்தது, திட்டப்போகிறாள் என்று இருந்தது. போனில் அந்தப் பெண் கூவினாள். "மேடம், இந்தக் கோடு! என்ன பண்ணீங்க மேடம்? அப்படியே மூச்சு விடுது! உங்க பழைய கோடு ரொம்ப சுத்தமா இருக்கும், இதுல உயிர் இருக்கு. மிச்சத்தையும் இதே ஸ்டைல்ல போட்டுருங்க." புது நிப்பு வாங்கினேன் என்று சொல்லிவைத்தாள். எத்தனை வருடம் பாடுபட்டுக் கோட்டை அசையாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டாள், அதில் உயிர் இல்லையாம். வியாதி வந்து ஆட்டியதும் உயிர் வந்துவிட்டதாம். மாத்திரை போட்டுக் கை நின்றுவிட்டால், மேடம், அந்தக் கோடு எங்கே மேடம் என்பாள். நிற்காமல் போனால் எந்தக் கோடும் கிடையாது. எப்படிப் புரண்டாலும் இந்தக் குழாய்தான். புரளவும் முடியாது. கடைசிப் படம் ஒன்று மட்டும் பாக்கி, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாக. வாரக்கணக்கில் தாள் மேஜைமேல் கிடக்கிறது. நிவேதிதா கேட்கும்போதெல்லாம் கரண்ட் இல்லை, விருந்தாளி, ஜுரம். அந்தப் படம் வராததற்குக் கை காரணம் இல்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை. பவளம் சிரிக்க வேண்டும். செருப்பு கிடைத்துவிட்டது, சிரிக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்தால் சிரிப்பு முகத்துக்கு வரவே இல்லை.

சரி, இங்கே போட்டுப் பார். கை வேண்டாம், தாள் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போடு. மண்டபத்துப் படிக்கட்டு. படி முழுக்கச் செருப்பு. ரப்பர் செருப்பு, குதிகால் செருப்பு, மாப்பிள்ளை வீட்டாரின் பளபளப்பு ஷூ, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. பந்தல் காலில் கட்டிய வாழை. கல்யாணச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியப்பா தூங்குகிறார், வாய் திறந்து, வெற்றிலை ஓரம் வழிய. பவளத்தின் செருப்பு எங்கே? ஒன்று படிக்கடியில். இன்னொன்று? தெய்வானை ஒரு கணம் காத்திருந்தாள். இன்னொன்று பெரியப்பாவின் காலில்! பாதித் தூக்கத்தில் கால் துழாவிக் கிடைத்ததை மாட்டிக்கொண்டிருக்கிறார், அந்தச் சின்னச் சிவப்புச் செருப்பு அவருடைய பெருவிரலில் மட்டும் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிறது. கதையில் இது இல்லை. கதையில் வெறுமனே 'கிடைத்தது' என்றுதான் இருந்தது. பவளம் அதைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் அழுத முகம், கன்னத்தில் ஈரம் காயவில்லை. சிரிப்பு வாயில் ஆரம்பிக்காது, அது தெய்வானைக்குத் தெரியும், கண்ணுக்குக் கீழே அந்தச் சின்ன மேடு இருக்கிறதே, அது முதலில் எழும், கண்ணைப் பாதி மூடும், மூக்கு விரியும், அதற்கப்புறம்தான் பல். முன்பல் ஒன்று விழுந்த இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும். அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில், ஒன்று போவதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. வந்துவிட்டது. எத்தனை வாரமாக வராதது, இந்தப் பாழாய்ப்போன குழாய்க்குள் வந்துவிட்டது! மூக்கு அரிப்பதைக் காணோம், ரைஸ்மில்லைக் காணோம், சந்தோஷமாக இருந்தது, அப்படி ஒரு சந்தோஷம்.

சத்தம் நின்றது. பலகை நகர்ந்து அவளை வெளியே கொண்டுவந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். யசோதா கூண்டைத் திறக்காமல் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க்கா பண்ணுனீங்க? இத்தன நேரம் நல்லா வந்துட்டிருந்துச்சு. கடைசி செட்டு பூராமே கலைஞ்சு போச்சு."

"நான் ஆடவே இல்லையே கண்ணு. தலையைத் தூக்கவே இல்லை."

"உள்ள கேமரா இருக்குதுங்க்கா. நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்க. கன்னமெல்லாம் மேல போயி, தலையும் ஆடிப்போச்சு." அந்தப் பெண்ணுக்குத் திட்டவும் மனது வரவில்லை. "இதுக்குள்ள போயி அழுவறவங்களப் பாத்துருக்கறன், கந்தசஷ்டி சொல்றவங்களப் பாத்துருக்கறன். சிரிச்சவங்க நீங்கதான். மறுபடியும் எடுக்கோணும். முகம் ஆடக்கூடாதுங்க. ஒண்ணும் நெனைக்காதீங்க, சும்மா படுத்திருங்க."

கதவுக்கு அப்பாலிருந்து கதிர்வேலின் குரல். "என்னம்மா ஆச்சு?"

"அக்கா சிரிச்சுப்புட்டாங்க சார், படம் கலைஞ்சுருச்சு."

கதிர்வேல் கதவருகே வந்து நின்றுகொண்டு கேட்டான், உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. "தெய்வா, யாரை வரைஞ்சே?"

"செருப்பு தொலைச்ச புள்ளையை."

"கெடச்சுருச்சா?"

"கெடச்சுருச்சு." கூண்டுக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது. கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது, துடைக்க முடியவில்லை.

"செரி, விட்றாதே. வெளிய வந்து போட்டுக்கலாம்."

மறுபடியும் உள்ளே போக வேண்டும். ஒன்றும் நினைக்காமல். சொல்வது சுலபம். அவளுக்கு நினைப்பது என்றால் வரைவதுதான், வரைவது என்றால் முகம்தான். பவளத்தை நினைத்தால் சிரிப்பு வரும். கதிர்வேலை நினைத்தால் உதடு பிதுங்கும். செருப்பை நினைத்தால்கூடப் பெரியப்பா பின்னாலேயே வந்துவிடுவார். நரி, மாமியார், போர் போட்ட அன்று குழியைப் பார்த்த தெரு, எதைத் தொட்டாலும் முகம் ஆடும், ஆடினால் இந்தக் குழாயிலிருந்து விடுதலை இல்லை. உடம்பைக் கட்டிப்போட்டது பற்றாதென்று இப்போது நினைப்பையும் கட்டிப்போடச் சொல்கிறார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. யசோதா பந்தை மறுபடியும் வலது கையில் வைக்க வந்தாள்.

"அதை இடது கையில குடும்மா" என்றாள் தெய்வானை.

பலகை உள்ளே நகர்ந்தது. பந்து இடது கைக்குப் போய்விட்டது. வேலையில்லாத வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணை உயர்த்தினால், சின்னக் கண்ணாடியில், கால்களுக்கு முன்னால், அது தெரிந்தது. தனியாக. பேனா இல்லாமல், கரண்டி இல்லாமல், சும்மா கிடக்கிற வலது கை. நடுவிரலின் பக்கத்தில் பேனா அழுத்தி அழுத்திக் காய்ந்த தடிப்பு, நகக்கண்ணில் போகாத கறுப்பு மை. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் போய் உருட்டி, நின்று, மறுபடி போய் உருட்டியது. இவ்வளவு உற்று அவள் இதைப் பார்த்ததில்லை, ஆடத் தொடங்கிய நாளிலிருந்து முந்தானைக்குள் ஒளித்தே வைத்திருந்தாள், சொந்தக் கையையும் கதாநாயகியின் கையைப்போல. பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு டாக்டர் என்ன பெயர் சொல்வாரோ. சத்தம் தொடங்கியது, மூக்கும் தொடங்கியது. அரிக்கட்டும். கைக்கு முகம் கிடையாது, இதை எவ்வளவு பார்த்தாலும் தன் முகத்தில் ஒன்றும் வராது என்று அவளுக்குத் தட்டுப்பட்டது. மாடல் ஆடுகிறது, அதனால் என்ன. குழந்தைகளை வரைந்திருக்கிறாள், எந்தக் குழந்தை ஓரிடத்தில் நின்றது. ஓடுகிற பிள்ளை ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும், அதே இடத்துக்குத் திரும்பி வரும், அப்போது பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே போய் இந்தக் கையை யார் தாளில் போடுவது? இதுவே இதைப் போட முடியாது. இத்தனை காலம் எல்லோருக்காகவும் மாடலாக நின்ற இடது கைதான் இனிமேல் பேனாவைப் பிடிக்க வேண்டியிருக்குமோ என்னவோ. முதலில் கோணலாக வரும், பிள்ளை கையெழுத்துபோல வரும். அந்த இடது கை பக்கத்தில் பந்தை லேசாகப் பிடித்துக்கொண்டு, அமுக்காமல் கிடந்தது. தெய்வானை கண்ணாடியைப் பார்த்தபடி, முகத்தில் ஒன்றுமில்லாமல், கட்டைவிரல் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். வந்ததும் மனதுக்குள் முதல் கோட்டைப் போட்டாள்.